நகலுக்குச் சான்றொப்பம் இடுவது யார்?

இந்தியாவில் ஒரு மனிதரின் உடலை நகலெடுக்க அனுமதி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டு நெறிகள், குளோனிங் வழியே குழந்தையை உருவாக்கும் முயற்சியைத் தடைசெய்யப்பட்ட ஆய்வுகளில் சேர்த்திருக்கின்றன. அதே மனிதரின் குரலை நகலெடுக்க ஒரு கைப்பேசி போதும். அரை நிமிடப் பேச்சு கையில் கிடைத்தால் மீதியைச் செயலி பார்த்துக்கொள்ளும். முதல் நகலை நினைத்தாலே நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. இரண்டாவதை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிச் சிரிக்கிறோம். ஆனால், இந்த இரண்டில் எது ஒரு மனிதரிடமிருந்து அதிகம் பறிக்கிறது என்று நிதானமாகக் கேட்டுப் பார்த்தால், விடை தலைகீழாக வருகிறது. அறிவியல் கதைகளும் படங்களும் நம் பயத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டன என்பதே என் வாதம். அந்தச் சாய்வை நிமிர்த்தும் சரக்கும் கதைகளில்தான் இருக்கிறது. அவற்றில் முக்கியமான சில, செயற்கை நுண்ணறிவின் தலைநகரம் என்று இன்று மார்தட்டிக்கொள்ளும் பெங்களூரிலேயே எழுதப்பட்டவை.

முதலில் உடல் நகலின் உண்மையான கதையைப் பார்த்துவிடுவோம். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகத்தில் 1996 ஜூலையில் பிறந்த டாலி என்ற ஆடு, 277 முயற்சிகளில் பிழைத்த ஒன்றே ஒன்று. ஹரியாணாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் பிறந்த 'சம்ரூபா' என்ற குளோன் எருமைக் கன்று சில நாட்களிலேயே செத்துப்போனது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த 'கரிமா'தான் தாக்குப்பிடித்தது. 2018 ஜனவரியில் சீன விஞ்ஞானிகள் இரண்டு குரங்குக் குட்டிகளை இப்படி உருவாக்கியதாக அறிவித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் குளோன் என்பது, காலம் தள்ளிப் பிறந்த இரட்டைப் பிறவி மட்டுமே. ஒரே நாளில், ஒரே நட்சத்திரத்தில் பிறந்து ஒரே வீட்டில் வளரும் இரட்டையரே வெவ்வேறு ஆளாக நிற்கும்போது, நாற்பது ஆண்டு கழித்து இன்னொரு வயிற்றில் பிறக்கும் குழந்தை மூலவரின் நினைவையோ குணத்தையோ சுமந்து வரப்போவதில்லை. தடை சரியானதுதான். நூற்றுக்கணக்கான கருக்கள் சிதைந்து ஒன்று பிழைக்கும் வித்தையை மனிதக் குழந்தையிடம் சோதித்துப் பார்ப்பது கொடுமை. இன்னொருவருக்கு மாற்றாகவே ஒரு குழந்தையைப் பெற்றெடுப்பது அதைவிடக் கொடுமை. ஆனால், குளோன் ஒருவரின் அடையாளத்தைத் திருடிவிடும் என்ற பொதுப் பயம் மரபணுவியலிலிருந்து வந்ததில்லை. அது கதைகளிலிருந்து வந்தது.

குளோனும் ரோபோவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகம்தான் ரோபோ என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தது. அந்த நாடகத்து ரோபோக்களுக்கு இரும்பு உடம்பு கிடையாது. சதை மாதிரியான ஒரு பொருளைத் தொட்டிகளில் பிசைந்து, நரம்பை நூற்பாலையில் நூற்று, தொழிற்சாலையில் செய்தெடுத்த உயிர்கள் அவை. 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு. சோழர் காலக் கல்வெட்டுகள் 'வெட்டி' என்று குறிப்பிடுவதும் இதைத்தான். ஆக, யாருடைய உழைப்பு, யாருக்கு லாபம், கேட்டால் யார் பதில் சொல்வார் என்பதே சாபெக்கின் கேள்வி. உலகமோ ரோபோக்களின் கலகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. 2010-இல் வந்த 'எந்திர'னும் நமக்கு அப்படியே நினைவிருக்கிறது: ஆயிரம் ரஜினி முகங்கள், துப்பாக்கிகள், உருண்டு வரும் இரும்புப் பந்து. ஆனால் கதையைக் கவனித்தால், விஞ்ஞானி வசீகரன் ஆத்திரத்தில் தான் செய்த ரோபோவான சிட்டியை வெட்டிக் குப்பையில் எறிகிறார். இன்னொரு விஞ்ஞானி போரா அதைப் பொறுக்கிச் சேர்த்து, சிவப்புச் சில்லைச் செருகுகிறார். இரண்டு மனிதர்கள் செய்த வினை. கடைசியில் நீதிமன்றம் கலைக்கச் சொல்வது சிட்டியை. செய்தவர்களை விட்டுவிட்டுச் செய்யப்பட்டதைக் கூண்டில் ஏற்றும் இந்தப் பழக்கம்தான் நம் பொது விவாதத்திலும் ஊறியிருக்கிறது. 'ஏ.ஐ. மனிதனை அழித்துவிடுமா' என்று மேடை மேடையாகக் கேட்கிறோம். 'இந்தக் குரலை யார் உண்டாக்கினார், யாரைக் கேட்டு உண்டாக்கினார்' என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் ஒருவர் பெங்களூரில் இருந்தார். ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் 1980-களில் 'என் இனிய இயந்திரா'வை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். ஜீவா என்ற தலைவனின் ஆணைக்கு நாடே அடங்கிக் கிடக்கிறது. குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். பெயர்கூட சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். அந்த உலகில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, கதாநாயகி நிலாவுக்குத் துணை நிற்கிறது. வாசகர்கள் நாயை மறக்கவில்லை. நாவலின் மையத்தில் இருக்கும் இடியை மறந்துவிட்டார்கள். ஜீவா என்று ஓர் ஆளே கிடையாது. அது ஹோலோகிராம், வெறும் ஒளிப்பிம்பம். அதற்குப் பின்னால் நின்று ஆட்டுவிப்பவர்கள் வேறு. ஒரே நாவலில் சுஜாதா இரண்டு வகை இயந்திரங்களை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார். தான் இயந்திரம் என்பதை ஒளிக்காத ஜீனோவிடம் ஆபத்து இல்லை. அது எவ்வளவு புத்திசாலியாக ஆனாலும் நாம் யாரோடு பேசுகிறோம் என்பது நமக்குத் தெரியும். மனிதர் வேடம் போட்டு, பொறுப்பாளர்களை மறைத்து நிற்கும் ஜீவாவிடம்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. ஆகவே நுண்ணறிவின் அளவைக் காட்டிலும், அது தன் முகவரியை மறைக்கிறதா என்பதே அறக்கேள்வி.

இதே ஊரில் கன்னடத்தில் எழுதிய கிரீஷ் கார்னாட் இன்னும் ஒரு படி உள்ளே போனார். 2005-இல் ரங்க சங்கரா அரங்கில் மேடையேறிய அவருடைய 'ஒடகலு பிம்ப' நாடகத்தில் மஞ்சுளா நாயக் என்ற கன்னட எழுத்தாளர் தொலைக்காட்சி நிலையத்தில் பேசி முடிக்கிறார். விளக்குகள் அணைய வேண்டிய நேரம். திரையில் உள்ள அவருடைய பிம்பம் மட்டும் அணையாமல் அவரையே கேள்வி கேட்கத் தொடங்குகிறது. உலகப் புகழ் தந்த அந்த ஆங்கில நாவலை எழுதியவர் மஞ்சுளா இல்லை, நடக்க முடியாமல் வீட்டோடு கிடந்து இறந்துபோன தங்கை மாலினி என்ற உண்மை மெல்ல வெளிவருகிறது. ஒளிரும் பிம்பத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத ஓர் உழைப்பு இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இன்றைய பேசும் இயந்திரங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் வாசித்துக் கொடுத்தவர்கள், படம் பார்த்துக் குறியிட்டவர்கள் என்று மாலினிகள் வரிசையாக நிற்கிறார்கள். பெங்களூரில் இயங்கும் 'கார்யா' போன்ற ஓர் அமைப்பு, கன்னடம் பேசும் கிராமத்தவரிடம் குரல் பதிவுகளை நல்ல கூலி கொடுத்து வாங்கி, அந்தத் தரவு மறுபடி விலைபோனால் அவர்களுக்கும் பங்கு தருகிறது. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு அது சான்று. கார்னாடின் 'நாகமண்டல'மோ நகலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பாம்பு கணவனின் உருவில் இரவில் வருகிறது. வயிற்றில் பிள்ளையோடு ஊர்ப் பஞ்சாயத்தின் முன் நின்று, புற்றுக்குள் கையை விட்டுத் தன்னை நிரூபிக்க வேண்டியவள் மனைவி ராணி. கௌதமர் வேடத்தில் வந்தவன் இந்திரன். கல்லாகச் சமைந்தவள் அகலிகை. நம் மரபுக் கதைகள் நகல் கலகம் செய்யும் என்று அஞ்சவில்லை. நகலின் பாவம் ஏமாந்தவர் தலையில் விடியும் என்று அஞ்சின.

அந்த அச்சம்தான் நடந்துகொண்டிருக்கிறது. 2023 நவம்பரில் குடகைச் சேர்ந்த நடிகை ரஷ்மிகா மந்தனா ஒரு லிஃப்டுக்குள் நுழைவதாகக் காட்டிய காணொளி நாடெங்கும் பரவியது. முகம் அவருடையது, உடம்பு வேறொரு பெண்ணுடையது. ஒரு பொய்க்கு இரண்டு பெண்கள் விலை கொடுத்தார்கள். இது குற்றம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல், குற்றம் என்று சொல்ல முடியாத இடங்களில் இருக்கிறது. 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாக அறிவித்தார். அதே காலத்தில், தந்தை எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேளாமல் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு மகன் எஸ்.பி. சரண் சட்ட அறிவிக்கை அனுப்பினார். 2025 ஆகஸ்டில் 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', இறந்துபோன நாயகன் கண் விழிக்கும்படி முடிவு மாற்றப்பட்டு மறுபடி திரைக்கு வந்தது. உரிமை வைத்திருந்த நிறுவனம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டே செய்ததாகச் சொன்னது. நடித்த தனுஷும் இயக்கிய ஆனந்த் எல். ராயும் கடுமையாக ஆட்சேபித்தார்கள். நுட்பம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ரஹ்மான் செய்தது நமக்கு உறுத்தவில்லை என்றால், அதற்குக் காரணம் குரலின் தரம் இல்லை. கேட்டுச் செய்தார், சொல்லிச் செய்தார் என்பதுதான்.

இங்கே சில நியாயமான மறுப்புகள் எழும். பலகுரல் கலை நம் ஊரில் எத்தனை காலமாக நடக்கிறது, சிவாஜி மாதிரியும் எம்.ஆர். ராதா மாதிரியும் பேசியவர்களை நாம் குற்றவாளி என்றா சொன்னோம் என்று கேட்கலாம். பலகுரல் கலைஞர் மேடையில் தன் சொந்த முகத்தோடு நிற்கிறார். இது சிவாஜி இல்லை என்று தெரிவதால்தான் கைதட்டு விழுகிறது; தெரியாமல் போனால் அந்தக் கலையே செத்துவிடும். நகல் குரலோ, தெரியாமல் இருந்தால்தான் வேலை செய்யும். 'விபத்தாகிவிட்டது, உடனே பணம் அனுப்பு' என்று பிள்ளையின் குரலில் வரும் அழைப்பைத் தாய் கைதட்டி ரசிக்க முடியாது. குடும்பம் சம்மதித்தால் போதுமே என்பது அடுத்த மறுப்பு. போதுமா? சொத்துக்கு வாரிசு உண்டு. ஒருவர் பாட விரும்பாத பாட்டை அவர் வாயில் வைக்க வாரிசுரிமை உண்டா என்பது தனிக் கேள்வி. உயில் எழுதும்போதே தன் குரலும் முகமும் எதுவரை பயன்படலாம் என்று எழுதி வைப்பதை வழக்கமாக்கலாம். எழுதாமல் இறந்தவர்களுக்குக் குடும்பத்தின் சம்மதம் குறைந்தபட்ச நிபந்தனை. அதைக் கொண்டு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடக் கூடாது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குளோனிங்கில் உயிர்கள் வதைபடுகின்றன, அதனால் தடை. குரல் நகலில் யார் உடம்பிலும் கீறல் விழுவதில்லை, இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியா? தொண்டைப் புற்றுநோயால் பேச்சிழந்தவர் தன் பழைய குரலிலேயே மனைவியைக் கூப்பிட இதே நுட்பம் உதவுமே, பயத்தைக் கிளப்பி அதையும் முடக்கிவிட வேண்டுமா? இதற்கான பதில் குளோனிங் வரலாற்றிலேயே இருக்கிறது. 2005 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை எல்லா வகை மனிதக் குளோனிங்கையும் தடுக்கச் சொல்லும் பிரகடனத்தை 84-க்கு 34 என்ற வாக்கில் ஏற்றபோது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது. குழந்தையை நகலெடுப்பதற்கு இந்தியா எதிரிதான். ஆனால் நோயாளிக்குத் திசு வளர்க்கும் ஆய்வையும் சேர்த்து மூடுவதை அது ஏற்கவில்லை. நுட்பத்தைப் பார்த்துத் தடை போடாமல் பயனைப் பார்த்துக் கோடு கிழிக்க முடியும் என்று அன்றே காட்டினோம். பேச்சிழந்தவர் தன் குரலைத் தானே திரும்பப் பெறுவது ஜீனோ. அவருடைய குரலில் இன்னொருவர் வங்கிக்குப் பேசுவது ஜீவா. உடம்பில் கீறல் இல்லை என்பதும் முழு உண்மை ஆகாது. நம்மை நாம் என்று பிறர் அறிவது குரலாலும் முகத்தாலும்தான். மரபணுவை நகலெடுத்தால் பிறப்பது இன்னோர் ஆள்; குரலை நகலெடுத்தால் உலகத்தின் கண்ணில் அது நாமேதான். இரண்டாவது திருட்டுதான் ஆளுக்கு மிக அருகில் வருகிறது.

நுட்பம் செய்த கெடுதலை நுட்பமே பிடித்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய, அதிலும் இந்த ஊரில். அவர்களுக்குத் தமயந்தியின் சுயம்வர மண்டபத்தை நினைவூட்டலாம். நளனோடு இந்திரனும் அக்கினியும் யமனும் வருணனும் நளனின் உருவிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்; ஐந்து நளன்கள். தேவர்களின் கண் இமைக்காது, மாலை வாடாது, வியர்க்காது, கால் நிலத்தில் பாவாது என்ற அடையாளங்களைக் கொண்டு அவள் உண்மையான நளனைக் கண்டுகொண்டாள் என்பது நாம் கேட்ட கதை. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் போலிக் காணொளிகளைப் பிடிக்க இதே உத்தியைக் கையாண்டார்கள் என்பது வியப்பு. அன்றைய போலி முகங்கள் சரியாக இமைக்கவில்லை. இமைப்பை எண்ணினால் போலி அகப்பட்டது. ஆனால் செய்தி வெளியான கொஞ்ச காலத்தில் போலிகளும் இமைக்கக் கற்றுக்கொண்டன. கண்டுபிடிப்பவருக்கும் ஏய்ப்பவருக்குமான ஓட்டத்தில் ஏய்ப்பவர் எப்போதும் ஓரடி முன்னால். வியாச பாரதத்தைத் திரும்பப் புரட்டினால் இன்னொரு நுணுக்கம் தெரியும். தமயந்தி தன் கூர்மையால் மட்டும் ஜெயிக்கவில்லை. முதலில் அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கைகூப்பி, உங்கள் உருவைக் காட்டுங்கள் என்று தேவர்களிடம் முறையிட்ட பிறகே அவர்கள் தங்கள் அடையாளங்களை வெளிப்படுத்தினார்கள். அடையாளம் காட்ட வேண்டிய கடமை வேடம் போட்டவருக்கு. கண்டுபிடிக்க வேண்டிய பாரம் தமயந்திக்கு இல்லை. இன்றைக்கு நாம் அந்தப் பாரத்தை எழுபது வயதுப் பாட்டியின் கைப்பேசியில் ஏற்றி வைத்துவிட்டு, ஏமாறாமல் இருங்கள் என்று விழிப்புணர்வு வாசகம் ஒட்டுகிறோம்.

நம் அலுவலக வாழ்க்கைக்கு இந்த நியாயம் புதிதில்லை. சாதிச் சான்றிதழின் ஜெராக்ஸ் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நீண்ட காலம் அது வெறும் காகிதமாகவே இருந்தது. 'உண்மை நகல்' என்று எழுதி, ஓர் அதிகாரி பச்சை மையில் சான்றொப்பம் இட்டு, பெயரும் பதவியும் தெரிய முத்திரை குத்தினால்தான் அது நகல் ஆனது. நகலையும் போலியையும் பிரிப்பது உருவ ஒற்றுமை இல்லை, பொறுப்பேற்கும் ஒரு கையெழுத்து. செயற்கைக் குரலுக்கும் முகத்துக்கும் இதைத்தான் கேட்க வேண்டும்: யாருடைய சம்மதம், யாருடைய தயாரிப்பு, தவறினால் யாரைப் பிடிப்பது. 2023-இல் நடிகர் அனில் கபூரின் பெயரையும் குரலையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நல்ல உத்தரவு. ஆனால் வழக்கறிஞர் வைத்து டெல்லி வரை போகக்கூடியவருக்கு மட்டும் கிடைப்பது உரிமை ஆகாது. டென்மார்க் அரசு 2025-இல், ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் முகத்தின் மீதும் குரலின் மீதும் உரிமை தரும் சட்டத் திருத்தத்தை முன்மொழிந்தது. இங்கே மத்திய அரசு அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட வரைவு விதிகள், செயற்கையாக உருவாக்கிய படத்திலும் ஒலியிலும் அடையாளம் இருக்க வேண்டும் என்றன. சரியான திசை. ஆனால் 'இது செயற்கை' என்ற முத்திரை, பொருள் எதனால் ஆனது என்பதைச் சொல்லுமே தவிர, யார் செய்தார், யாரைக் கேட்டுச் செய்தார் என்பதைச் சொல்லாது. கையெழுத்து இல்லாத முத்திரை அரைச் சான்றுதான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா, தொழில் வளர்ச்சி நின்றுவிடாதா என்பவர்கள் மறுபடி ஜாலஹள்ளிக்குத்தான் போக வேண்டும். 'என் இனிய இயந்திரா' எழுதியவர் பணியாற்றிய அதே நிறுவனத்தில், அவரும் பங்கேற்ற குழுவின் உழைப்பில் உருவானது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். இயந்திரம் சரியாக எண்ணுகிறது என்று பொறியாளர்கள் சொன்னதோடு நாடு அமைதியாகிவிடவில்லை. எனக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றது. வாக்குச் சீட்டுத் தணிக்கை தேவை என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் வி.வி.பேட் என்ற அந்தத் தணிக்கைக் கருவி வந்தது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னச் சீட்டு தெரிகிறது. நாம் வாக்களித்த சின்னத்தை ஏழு வினாடி காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. அதனால் இயந்திரம் நின்றுவிடவில்லை, தேர்தலும் நின்றுவிடவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி நின்றது, அவ்வளவுதான். 2008-இல் மறைந்த சுஜாதா அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை. ஆனால் ஜீவா என்ற பிம்பத்தைக் கலைக்க அவர் நாவலுக்குத் தேவைப்பட்டதும் இப்படி ஒரு சாட்சிதான். ஒரு வாக்குக்கு ஏழு வினாடி சாட்சி கேட்டு வாங்கிய நாடு, தன் மக்களின் குரலுக்கும் முகத்துக்கும் அதற்குக் குறைந்து கேட்கக் கூடாது.